மாப்பிள்ளைக் காரின் கதவுக்குள் ஒரு கடுதாசி

என் மச்சான் ஜௌபரைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதிக் கொடு என்று என் மூத்த சகோதரி, ஸித்தி ஸுபைதா ராத்தா, கேட்டுக்கொண்டாள். நல்லவிதமாக வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். அவர் என் ராத்தாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த மனுஷனோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் அவருடைய வோல்ஸ்லி கார் களவுபோன கதையை எழுதத்தான் வேண்டும். அதில் அவர் செய்த ஒரு காரியத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

மச்சானுக்கு எங்கள் இலங்கை மலைநாட்டுப் பதுளை பஜாரில் சைக்கிள் சாமான் கடை. எனக்குப் பண்டாரவளையில் புடைவைக் கடை. ஆள் கெட்டவரில்லை. ஆனால் சந்தேகம் என்று ஒன்று இருக்கிறதே, அது அவர் ரத்தத்தில் கலந்திருந்தது. பால்காரன் சிரித்தால் பாலில் தண்ணீர். சிரிக்காவிட்டால் இன்னும் கூடத் தண்ணீர். பள்ளிவாசலுக்குப் போனால் ஒரு செருப்பை ஒரு மூலையிலும் மற்றதை எதிர்மூலையிலும் கழற்றி வைப்பார். ஒற்றைச் செருப்பை எவன் எடுப்பான் என்பது அவருடைய யோசனை. ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டாவது மூலை எது என்பது அவருக்கே மறந்துபோய், ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுங்காலுமாக வீடு வந்து சேர்ந்தார். எவனோ எடுத்துவிட்டான் என்று மூன்று நாள் எல்லாருடைய காலையும் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு கார் வந்தால் என்ன ஆகும்?

எழுபத்து மூன்றில், லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பிப் போனபோது தன் காரை விற்றார். முப்பத்தெட்டாம் வருஷத்து வோல்ஸ்லி. கறுப்பு நிறம், உள்ளே சிவப்புத் தோல் இருக்கை. முன்பக்கக் கிரிலின் உச்சியில் கம்பனிப் பெயர் எழுதிய சின்ன வில்லை ஒன்று. விளக்கைப் போட்டால் அந்த வில்லையும் சேர்ந்து எரியும். புதுக் கார் இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் அது. மச்சான் அதை வாங்கிக் கலியாண வீடுகளுக்கு ஓட விட்டார். பதுளையிலிருந்து பண்டாரவளை வரைக்கும் எந்த மதத்து மாப்பிள்ளையானாலும் அந்தக் காரில் ஏறித்தான் போனான். ஊரே அதை மாப்பிள்ளைக் கார் என்றது.

காரோடு வீரய்யாவும் வந்தார். துரையின் கராஜில் இருபது வருஷம் அந்தக் காரைத் துடைத்து, கழற்றி, பூட்டி, ஓட்டியவர். அவர் மனைவி பூவம்மா அந்தத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். குடும்பம் லயத்தில், தோட்டத்துக் கூலி வரிசை வீட்டில், இருந்தது. வீரய்யா அந்த எஞ்சினில் காதை வைத்துக் கேட்டால் எந்த நட்டு இளகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மச்சானுக்கு அதுவே உறுத்தியது. இவ்வளவு தெரிந்தவனுக்குக் களவெடுக்கவும் தெரியும்தானே என்றார் என்னிடம். தெரியாதவனை வைத்துக்கொண்டால் கார் பள்ளத்தில் கிடக்கும் என்றேன். அந்தப் பேச்சு அவர் காதில் ஏறவில்லை.

காருக்கு அவர் செய்த காவலைக் கேளுங்கள். எங்கே நிறுத்தினாலும் முன்மூடியைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டரைக் கழற்றுவார். பெருவிரல் அளவு சாமான் அது. அது இல்லாமல் எந்தக் கொம்பனாலும் எஞ்சினைக் கிளப்ப முடியாது. அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். தொழுகையில் சுஜூதுக்குக் குனிகிறபோது ரோட்டர் விழுந்து உருண்டு பக்கத்து ஆளின் முழங்காலில் முட்டும். அதுபோக, சீட்டுக்குக் கீழே மின்சாரத்தை நிறுத்த ஒரு கள்ளச் சுவிட்ச். ஸ்டியரிங் வளையத்தைப் பிரேக் மிதியோடு சேர்த்துக் கட்ட ஒரு சங்கிலி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார் என்பார்களே, அப்படி.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கடுதாசி. கார் வந்த வாரம் நான் பதுளை வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மச்சான் ராத்தாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அரபுத்தமிழ் எழுத வரும். பேச்சு தமிழ், எழுத்து அரபு. வெளியாள் பார்த்தால் ஒன்றும் விளங்காது. மச்சானுக்கு அது எழுதவும் வராது, படிக்கவும் வராது. அவர் சொல்லச் சொல்ல ராத்தா கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். அவர் சொன்னது இரண்டு வரி. என் காதில் விழுந்தது, இன்றைக்கும் மறக்கவில்லை. 'இந்த வண்டி பதுளை ஜௌபருக்குச் சொந்தம். இது களவுபோனால் வீரய்யாவைப் பிடிக்கவும்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்து ஒரு வாரம் ஆகாத மனுஷனைப் பற்றி இப்படியா என்று கத்தினேன். மச்சான் அசையவில்லை. ராத்தா வாயே திறக்காமல் எழுதி முடித்தாள். அதை மெழுகுக் கடுதாசியில் சுற்றி, சாரதிப் பக்கக் கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டும். கதவுப் பலகையைக் கழற்றத் தெரிந்த ஆள் யார்? வீரய்யாதான். மச்சான் கொஞ்சமும் கூசாமல் அதை அவர் கையிலேயே கொடுத்தார். தன் பேர் இருக்கிற கடுதாசியைத் தானே கதவுக்குள் வைத்துத் திருகாணியை முடுக்கினார் வீரய்யா. நான் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

எழுபத்தொன்பதில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். டை கட்டியிருந்தார், இங்கிலீஷ் பேசினார். காரை வாங்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். விற்பதில்லை என்றதும் சிரித்துக்கொண்டே, இவ்வளவு அருமையான காரை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்றார். அவ்வளவுதான். பால்காரனையும் பக்கத்து வீட்டானையும் நம்பாத மனுஷன், டையைப் பார்த்ததும் குளிர்ந்துபோனார். முன்மூடியைத் திறந்து ரோட்டரைக் காட்டினார். கள்ளச் சுவிட்சைக் காட்டினார். சங்கிலியைக் காட்டினார். தேத்தண்ணீரும் தொதல் இனிப்பும் கொடுத்து அனுப்பினார். கடுதாசியை மட்டும் சொல்லவில்லை, பக்கத்தில் வீரய்யா நின்றதால்.

அடுத்த மாதம் அப்புத்தளையில் ஒரு கலியாணம். பெண் வீடு, பெரகலவுக்கு இறங்கும் ரோட்டோரத்தில் இருந்தது. அன்றைக்கு வீரய்யா லீவு கேட்டிருந்தார். மச்சினி வீட்டில் சடங்கு என்றார். மச்சானே காரை ஓட்டிப்போனார். நானும் கூடப் போனேன். பாட்டரி பலவீனம். புதுப் பாட்டரி எங்கே கிடைத்தது அந்தக் காலத்தில்? எங்கள் மலையில் பாட்டரி செத்த காரை எப்படி நிறுத்துவது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இறக்கத்தைப் பார்த்து முகத்தை வைத்து, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துவோம். போகும்போது கட்டையை எடுத்தால் உருளும், உருண்டால் எஞ்சின் பிடிக்கும். மச்சானும் அப்படித்தான் நிறுத்தினார். ரோட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். சங்கிலியை எடுத்தபோது பெண்ணின் வாப்பா கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை வருகிற காரில் சங்கிலி போடுவதா, பார்க்க நன்றாகவா இருக்கும் என்றார். கதவுக் கைப்பிடிகளில் ரிப்பனும் பூவும் கட்டியிருந்ததால் கதவும் பூட்டவில்லை. ரோட்டர்தான் என்னிடம் இருக்கிறதே என்று பையைத் தட்டிக்கொண்டு மச்சான் சாப்பிட வந்தார்.

சாப்பாடு சஹனில். ஆறு பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். கடைசி ஆள் கை எடுக்கும்வரை யாரும் எழும்பக் கூடாது. எங்கள் சஹனில் ஒரு கிழவர், பல் இல்லாதவர், ஒவ்வொரு பருக்கையாக மென்றுகொண்டிருந்தார். மச்சான் முள்ளில் உட்கார்ந்தவர்போல நெளிந்தார். கடைசியில் கை கழுவி வெளியே வந்தோம். மூடுபனி இறங்கியிருந்தது. ரோட்டில் கட்டை மட்டும் கிடந்தது. காரைக் காணோம்.

மச்சான் முதலில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். ரோட்டர் இருந்தது. அதைக் கையில் வைத்து வெறித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரோட்டர் இல்லாம வண்டி நகராது ஸலீம். இதுக்கு இன்னொரு ரோட்டர் தேடி வச்சிருக்கக்கூடிய ஆள் இந்த ஊவா மாகாணத்தில ஒருத்தன்தான்."

அந்த நேரத்தில் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு லீவு கேட்டவர் யார்? இருந்த கோபத்தில் நானே மச்சானைப் பொலிசுக்குக் கூட்டிப்போனேன்.

வீரய்யாவை அடுத்த நாள் பிடித்தார்கள். சடங்கு என்று சொன்னது பொய். அவர் சட்டைப்பையில் குடும்பத்தோடு எடுத்த படங்களும் இந்தியாவுக்குப் போகிற பத்திரங்களும் இருந்தன. அந்தக் காலத்தில் தோட்டத்து மக்களை ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு நாளில் தலைமன்னாரில் கப்பல். லீவு எடுத்தது படம் பிடிக்க. ஆறு வருஷம் வேலை பார்த்தவர் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் பத்திரங்களை எல்லாம் தன் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். வழக்கு முடிந்தால்தான் திருப்பித் தருவாராம்.

மூன்றாம் நாள் எங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். பூவம்மா இரண்டு பெண்பிள்ளைகளோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். தோட்டத்துப் பேரேட்டில் அவள் பேரை வெட்டியாகிவிட்டது. லயத்தில் இருந்த ஓர் அறைக் காம்பராவை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது. கப்பலை விட்டால் இங்கேயும் இடமில்லை, அங்கேயும் இல்லை. அவள் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உள்ளே வீரய்யா நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாளில் ஆள் பாதியாகியிருந்தார். ஏன் சொல்லாமல் போகப் பார்த்தாய் என்று மச்சான் பாய்ந்தார். சொன்னால் அன்றிலிருந்து கராஜில் ஸ்பானர் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், கடைசி மாதத்தை நிம்மதியாகக் கழிக்க நினைத்தேன் என்றார் வீரய்யா. மச்சான் அதைத்தான் செய்திருப்பார். பிறகு வீரய்யா ஒரு கேள்வி கேட்டார்.

"மொதலாளி, வண்டி எந்தப் பக்கம் மூஞ்சிய வச்சு நின்னுச்சுங்க?"

பெரகலப் பக்கம், இறக்கத்தில் என்றேன் நான்.

"அப்புறம் ரோட்டர் எதுக்குங்க? கட்டைய எடுத்தா போதுமே. பெரகல வரைக்கும் சும்மாவே போகும். தொர பெட்ரோல் கெடைக்காத காலத்துல அப்படித்தானுங்க எறங்குவாரு."

எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. மலையிலேயே பிறந்து, மலையிலேயே வளர்ந்து, பாட்டரி செத்த காரை இறக்கத்தில் நாமே நிறுத்திவிட்டு, அது ரோட்டர் இல்லாமல் நகராது என்று ஒரு மனுஷனை உள்ளே தள்ளியிருக்கிறோம். மச்சான் முழித்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரகலவுக்கு பஸ் ஏறினேன்.

பெரகலச் சந்தியில் விசாரித்த முதல் கடையிலேயே விஷயம் கிடைத்தது. தேத்தண்ணிக் கடைக்காரர் நன்றாக நினைவு வைத்திருந்தார். பூவும் ரிப்பனும் கட்டிய கறுப்புக் கார் ஒன்று சத்தமே இல்லாமல் மூடுபனியிலிருந்து வந்து நின்றதாம். மாப்பிள்ளையும் இல்லை, எஞ்சின் சத்தமும் இல்லை, பேய் பிசாசோ என்று பயந்தாராம். அங்கே காத்திருந்த லொறி ஒன்று அதைக் கயிற்றில் கட்டிக் கீழே இழுத்துப் போனதாம். லொறிக்குப் பக்கத்தில் டை கட்டிய ஒருவர் நின்றாராம். அதைக் கேட்டதும் மச்சான் கடை வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். தேத்தண்ணீர் ஆறும்வரை எழும்பவில்லை.

பொலிஸ் இரண்டு நாளில் அடிவாரத்து ஒதுக்குப்புறக் கராஜ் ஒன்றில் காரைக் கண்டுபிடித்தது. அதற்குள் பாதிக் காருக்கு வெள்ளை நிறம் அடித்தாகிவிட்டது. விளக்கு வில்லை இல்லை. எஞ்சின் நம்பரை அரத்தால் ராவியிருந்தார்கள். நம்பர் பலகை வேறு. டை ஆசாமி ஆளையே காணோம். கராஜ்காரன் ஒரு பத்திரத்தை நீட்டி, இது நான் காசு கொடுத்து வாங்கியது என்று சாதித்தான். இன்ஸ்பெக்டர் இரண்டு தரப்பையும் ஸ்டேஷன் முற்றத்தில் நிறுத்தினார். நடுவில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாகக் கார். உள்ளாள் இல்லாமல் இப்படி ஒரு களவு நடக்காது, அந்த உள்ளாள் இவன்தான் என்று வீரய்யாவைப் பார்த்தே சொன்னார் அவர். பிறகு மச்சானிடம், இது உன் கார் என்பதற்கு என்ன அடையாளம் என்று கேட்டார்.

மச்சான் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இரண்டு பேருக்கும் கடுதாசி நினைவு இருந்தது. அதில் வீரய்யாவின் பேர் இருந்தது. அதை இந்த இன்ஸ்பெக்டர் பார்த்தால் பத்திரங்கள் லாச்சியை விட்டு வெளியே வராது. கப்பலுக்கு இன்னும் ஏழெட்டு நாள்தான்.

வாயைத் திறந்தவர் வீரய்யா. முகம் எல்லாம் மலர, கதவுப் பலகைக்குப் பின்னால் முதலாளியின் கடுதாசி இருக்கிறது, நானே வைத்தேன் என்றார். யாரும் தடுக்குமுன் திருப்புளி ஒன்று வாங்கித் திருகாணியைக் கழற்றி, பலகையைத் திறந்து, மெழுகுக் கடுதாசிப் பொட்டலத்தை எடுத்து இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்துவிட்டார். இது ஏதோ ஓதிக் கட்டிய இஸிமுத் தாயத்து, எந்த முஸ்லிம் காரிலும் இருக்கும் என்றான் கராஜ்காரன்.

நான் படிக்கிறேன் என்று முன்னால் பாய்ந்தேன். ராத்தா எனக்கும் அந்த எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். முதல் வரியைப் படித்துவிட்டு இரண்டாவதை விழுங்கிவிடலாம் என்பது என் எண்ணம். இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நீ மச்சினன், உன் படிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாஹித் என்ற கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். வாஹித் தன் உம்மாவிடம் அரபுத்தமிழ் படித்தவனாம்.

அப்போதுதான் மச்சான் அந்தக் காரியத்தைச் செய்தார். முன்னால் வந்து, வாஹித் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அதப் படிக்க வேணாம் ஐயா. உள்ளாள் இவனில்ல, நான்தான். அந்த டைக்காரனுக்கு எல்லாத்தையும் காட்டிக் கொடுத்தவன் நான். இது என்ட வண்டி இல்லன்னு எழுதிக்கங்க, கையெழுத்துப் போடுறன். இவன்ட பத்திரத்தக் குடுத்து அனுப்பிடுங்க."

ஒற்றைச் செருப்புக்கு மூன்று நாள் அலைந்த மனுஷன்! வீரய்யா ஒன்றும் விளங்காமல் நின்றார். இன்ஸ்பெக்டருக்கு இப்போது எங்கள் எல்லார் மேலும் சந்தேகம். மச்சானை விலக்கிவிட்டு, படி என்றார். வாஹித் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான்.

"இந்த வண்டி பதுளை ஜௌபருக்குச் சொந்தம். இதில் சந்தேகமிருந்தால் வீரய்யாவைக் கேட்கவும்."

நான் எட்டிப் பார்த்தேன். அப்படியேதான் எழுதியிருந்தது. என் ராத்தாவின் கையெழுத்து.

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு வீரய்யாவைக் கேட்கவே கேட்டார். வில்லை விளக்கின் வயர் என்ன நிறம், இடதுபக்க இருக்கையின் தையல் எந்த இடத்தில் பிரிந்து ஒட்டுப்போட்டது, முன்மூடிக்கு உள்பக்கம் எத்தனை ஓட்டை என்று வீரய்யா காரைப் பார்க்காமலே சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. கராஜ்காரனை உள்ளே கொண்டுபோனார்கள். லாச்சி திறந்தது.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் ராத்தாவின் முன்னால் போய் நின்றார். சொன்னதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். அதட்டலாகக் கேட்க நினைத்தார், குரல் தாழ்ந்துதான் வந்தது. ராத்தா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அத வீரய்யா கையாலேயே உள்ள வைக்கச் சொல்லுவீங்கண்டு எனக்குத் தெரியும். அந்தப் பாவத்த என்னால எழுத ஏலல்ல."

உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவர், தன் முன்னால் உட்கார்ந்து எழுதியவளைச் சந்தேகப்படவில்லை. இதை வைத்து நான் அவரை வருஷக்கணக்கில் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் பொலிஸ் ஸ்டேஷனில் அவர் செய்ததை வைத்துக் கிண்டல் செய்ததில்லை.

வீரய்யா குடும்பத்தை மச்சான் அந்த இரண்டு நிறக் காரிலேயே ஏற்றிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்தார். தகரப் பெட்டி, பாய்ச்சுருள், இரண்டு பெண்பிள்ளைகள், பூவம்மா. ரயில் மணி அடித்ததும் வீரய்யா இறங்கி வந்து மச்சான் முன்னால் நின்றார்.

"வச்ச அன்னிக்கே மொதலாளியம்மாகிட்ட கேட்டேங்க, என்ன எழுதிருக்குன்னு. சொன்னாங்க. மொதலாளி வண்டியில என் பேரு இருக்கு, என்னயக் கேக்கச் சொல்லி இருக்குன்னு ஆறு வருசமா அந்த நெனப்புலதானுங்க இருந்தேன். பொலிசுல நிக்கிறப்பகூட, அப்படி எழுதுனவரு என்னயப் புடிக்கச் சொல்லியிருக்க மாட்டாருன்னு பூவம்மாகிட்ட சொன்னேங்க."

சொல்லிவிட்டு மச்சானைக் கையெடுத்துக் கும்பிட்டார். மச்சான் வாயைத் திறந்தார், மூடினார். ரயில் நகர்ந்துவிட்டது. பிள்ளைகள் கையாட்டிக்கொண்டே போனார்கள்.

மேடை காலியான பிறகும் மச்சான் அங்கேயே நின்றார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அது ஸுபைதாவுக்கு வரவேண்டிய கும்பிடு ஸலீம். நான் சும்மா நிண்டு வாங்கிட்டன். இதுவும் களவுதானே?"

வெளியே வந்தோம். காரின் ஒரு கதவு திறந்தபடியே கிடந்தது. ரோட்டர் எஞ்சினிலேயே இருந்தது.